விலை குறைந்த தேயிலையைக் கடலில் கொட்டிய கதை

எங்கள் அலுவலகத்துக்கு வரும் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், மாதம் பதினைந்து பதினெட்டு ஆயிரம் ஜிஎஸ்டி கட்டுகிறவர். பில் கட்டை மேசையில் வைப்பார், "எவ்ளோ தம்பி வருது?" என்பார், சொல்கிற தொகையை மறுபேச்சு பேசாமல் கட்டிவிட்டு, வாங்கி வந்த காராச்சேவுப் பொட்டலத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட மனிதர் போன மாதம் மேசையைத் தட்டிக் கத்தினார். வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் என்று மதுரையில் போய்த் தங்கியதில் ஒரு மாதம் முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது. விற்பனை பூஜ்யம், வரியும் பூஜ்யம். ஆனால் பூஜ்யம் என்று சொல்கிற ரிட்டர்னைத் தாக்கல் செய்ய 62 நாள் தாமதம், நாளுக்கு 20 ரூபாய் வீதம் ஏறி, பூஜ்ய ரிட்டர்னுக்கு உச்சவரம்பான 500 ரூபாயில் வந்து நின்றது.

"பதினெட்டாயிரம் கட்டுதேன், என்னைக்காவது வாயத் திறந்திருக்கேனா? கடையே தொறக்காத மாசத்துக்கு எதுக்கு தம்பி தண்டம்? ஏன் கடை தொறக்கலன்னு ஒருத்தனாவது போன் போட்டுக் கேட்டானா?"

பதினோரு வருடமாக வரி ஆலோசகரிடம் கணக்கு எழுதுகிறேன். வரி கட்டுகிறவர்களின் கோபத்தைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு என்றுகூடச் சொல்லலாம். அதில் நான் கண்டது, கோபத்தின் அளவுக்கும் தொகையின் அளவுக்கும் சம்பந்தமே கிடையாது என்பது. லட்சக்கணக்கில் கட்டுகிறவர் சிரித்துக்கொண்டே போவார். 500 ரூபாய்க்கு ஒருவர் மேசையை உடைப்பார்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அண்ணாச்சி மட்டும் இல்லை. கொஞ்ச நாளாக ராத்திரிகளில் அமெரிக்கப் புரட்சி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் படித்தது இவ்வளவுதான்: பிரிட்டன் அநியாய வரி போட்டது, பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், சுதந்திரம் கிடைத்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி. ஆனால் கணக்கு எழுதுகிறவனின் கண்ணோடு படித்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படுகிறது. புரட்சிக்கு முந்தைய பன்னிரண்டு வருடத்தில் பிரிட்டிஷ் அரசு அமெரிக்கர்கள் மேல் வரியை ஏற்றிக்கொண்டே போகவில்லை. பாதியாக்கியது, ரத்து செய்தது, ஒன்றே ஒன்றை விட்டு மற்றதை எடுத்தது, கடைசியில் தேயிலை விலையையே குறைத்தது. இப்படி இறங்கி இறங்கி வந்தும், கடைசிக் கணக்கில் கோபம் மேலேதான் ஏறியது.

தொடங்கியது 1763-ல். பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் ஜெயித்தது, ஜெயித்தவன் கையில் பில்லும் வந்தது. நாட்டின் கடன் ஏறக்குறைய இரட்டிப்பாகி 13 கோடி பவுண்டை நெருங்கியிருந்தது. இங்கிலாந்துக்காரன் ஏற்கெனவே நிலத்துக்கும் பீருக்கும் மெழுகுவத்திக்கும் வீட்டு ஜன்னலுக்கும் வரி கட்டிக்கொண்டிருந்தான். ஆப்பிள் சாராயத்துக்கும் போட்டபோது அங்கேயே கலகம் வந்தது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்காரர்கள் லண்டனுக்குக் கட்டியதோ ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். அவர்களைக் காக்க அங்கே சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்தப்போகிறோம், செலவில் ஒரு பங்கை அவர்களே தரட்டுமே என்று நிதியமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த ஜார்ஜ் கிரென்வில் நினைத்தார். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? பட்ஜெட் போடுகிறவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எங்கேயும் இல்லை. கிரென்வில் கெட்டவர் இல்லை. கணக்குப்பிள்ளை. அதுதான் பிரச்சினை என்று என் இனத்தாரைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் கையில் ஒரு கணக்கு சிக்கியது. அமெரிக்கச் சுங்கத்தில் வருடத்துக்குச் சுமார் 2,000 பவுண்ட் வசூலாகிறது, அதை வசூலிக்க ஆகும் செலவு சுமார் 8,000 பவுண்ட். எந்தக் கணக்கனுக்கும் இதைப் பார்த்தால் தூக்கம் வராது. காரணம் ஊரறிந்தது. கரீபியத்தில் பிரிட்டனுக்குச் சொந்தமில்லாத தீவுகளிலிருந்து ரம் காய்ச்ச வரும் கரும்புப் பாகுக்கு 1733-லிருந்தே கேலனுக்கு 6 பென்ஸ் வரி உண்டு. ஆனால் கட்டுவார் கிடையாது, சுங்க அதிகாரி கையில் கொஞ்சம் அழுத்தினால் பீப்பாய் இறங்கிவிடும். கிரென்வில் 1764-ல் அந்த வரியை 3 பென்ஸாகக் குறைத்தார். சரிபாதி. கூடவே ஒன்று செய்தார்: இனிமேல் உண்மையாகவே வசூலிப்பது என்று முடிவெடுத்தார். கப்பலைப் பிடித்தால் உள்ளூர் ஜூரி கிடையாது, ஹாலிஃபாக்ஸில் இருக்கும் கடற்படை நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே சரக்குக்காரன்தான் தன் யோக்கியத்தை நிரூபிக்க வேண்டும்.

கட்டாத 6 பென்ஸை விடக் கட்டவேண்டிய 3 பென்ஸ் பெரியது. இதைக் கிரென்வில்லுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தெரு வியாபாரிகள் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் வந்தது முத்திரை வரி. 1765 மார்ச்சில் சட்டமாகி, நவம்பர் 1 முதல் அமல். வழக்குப் பத்திரம், நிலப் பத்திரம், கப்பல் சரக்குச் சீட்டு, சாராயக்கடை லைசென்ஸ், செய்தித்தாள், பஞ்சாங்கம், கல்லூரிப் பட்டம், ஏன், சீட்டுக்கட்டும் தாயக்கட்டையும்கூட முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், தாயக்கட்டைக்குப் பத்து ஷில்லிங். வருடத்துக்குச் சுமார் 60,000 பவுண்ட் வரும் என்று எதிர்பார்த்தார்கள். இங்கிலாந்தில் இது நெடுங்காலமாக இருந்த வரிதான், அமெரிக்காவுக்கு வைத்த வீதம் அங்கே இருந்ததை விடக் குறைவு. நம்மூரில் இன்று ஸ்டாம்ப் பேப்பர் வாங்குகிறவர் யாரும் அதற்காகத் துப்பாக்கி எடுப்பதில்லை. ஆனால் இந்த வரி யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். வக்கீல், பத்திரிகை அச்சடிப்பவன், பாதிரியாகப் படிக்கும் மாணவன், வியாபாரி, சாராயக்கடைக்காரன். ஒரு ஊரில் வாய் அதிகம் உள்ளவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், நாலு பேர் கூடும் இடத்தை வைத்திருப்பவர்கள் யார் யாரோ அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் தேடிப் பிடித்துக் கோபப்படுத்திய மாதிரி இருந்தது.

வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை, ஆள் இல்லாத சபை எங்கள் பையில் கை வைக்கக் கூடாது. லண்டன் சொன்ன பதிலும் ஒரு கோணத்தில் சரிதான்: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட எம்.பி. கிடையாது, அவர்கள் கட்டவில்லையா? ஆனால் காலனிகளில் அப்போதே சட்டசபைகள் இருந்தன, அவை வரி போட்டன, மக்கள் கட்டினார்கள். போர்க்காலத்தில், பாஸ்டன் ஊர் இருக்கும் மாசச்சூசெட்ஸ் காலனி தன் மக்கள்மேல் தானே போட்டுக்கொண்ட வரி கடுமையானது. 1765 அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடியபோது எங்களுக்கு லண்டனில் சீட் கொடுங்கள் என்று கேட்கவில்லை, அது நடக்கிற காரியமே இல்லை என்றுதான் எழுதினார்கள். வரி போடும் உரிமை எங்கள் சபைக்குத்தான் என்பதே அவர்கள் சொன்னது. எவ்வளவு என்ற கேள்வி அத்தோடு செத்துப்போய், யார் என்ற கேள்வி மட்டும் நின்றது. யார் என்ற கேள்விக்குத் தள்ளுபடி கொடுத்துப் பதில் சொல்ல முடியாது.

தெரு வேறு பாஷையில் பேசியது. 1765 ஆகஸ்ட் 14 காலை, பாஸ்டனில் ஒரு பெரிய எல்ம் மரத்தில் கொடும்பாவி தொங்கியது. முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்டிருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் உருவம். பக்கத்தில் ஒரு பூட்ஸ், அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பிசாசு. அரசருக்கு நெருக்கமான பிரபு ஒருவரின் பெயர் பியூட், அதனால் பூட். நம் கட்சிக்காரர்கள் அடிக்கும் சிலேடைக்குக் குறைந்ததில்லை. ஷெரிஃப் இறக்கப் போனார், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். சாயங்காலம் எபனேசர் மெக்கின்டாஷ் என்ற செருப்புத் தைப்பவர் தலைமையில் கொடும்பாவியை ஊர்வலமாகத் தூக்கிப் போய், முத்திரைத்தாள் விற்கக் கட்டியதாக நினைத்த கட்டடத்தை இடித்தார்கள். ஆலிவர் மறுநாளே வேலை வேண்டாம் என்றார். பன்னிரண்டு நாள் கழித்து லெப்டினன்ட் கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் வீடு. ஒரே ராத்திரியில் கதவு, சுவர்ப்பலகை, தோட்டத்து மரம் வரை ஒன்று விடாமல் நாசம், பணமும் போயிற்று, அவர் எழுதிக்கொண்டிருந்த மாசச்சூசெட்ஸ் வரலாற்றின் கைப்பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. இதில் கொடுமை என்னவென்றால் ஹட்சின்சன் அந்த வரியே கூடாது என்று முன்பே லண்டனுக்கு எழுதியவர். அதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. நவம்பர் 1 வந்தபோது ஏறக்குறைய எந்தக் காலனியிலும் முத்திரைத்தாள் விற்க ஆள் இல்லை. சட்டம் இருக்கிறது, கடை இல்லை.

சரக்கு போகாததால் லண்டன் வியாபாரிகளே வரியை எடுக்கச் சொல்லி நச்சரித்தார்கள். 1766 மார்ச்சில் ரத்து. பாஸ்டனில் வாணவேடிக்கை, நியூயார்க்கில் நன்றிக்கடனாக மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கு ஈயத்தில் வார்த்துப் பொன் பூசிய குதிரைச் சிலை வைக்க ஏற்பாடு. ரத்துச் சட்டத்தோடு அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்ததை அந்தக் கொண்டாட்டத்தில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. காலனிகளை எல்லா விஷயத்திலும் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் முழு அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றது அது. அதாவது பணம் வேண்டாம், ஆனால் கேட்கும் உரிமை எங்களுடையது. பணத்தை வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் கதை எங்கே போயிருக்குமோ! அவர்கள் சரியாகத் தலைகீழாகச் செய்தார்கள். (அந்தச் சிலை 1770-ல் வந்தது. 1776 ஜூலையில் கூட்டம் அதைக் கவிழ்த்தது, அந்த ஈயத்தை உருக்கி 42,088 தோட்டாக்கள் வார்த்தார்கள். கடைசி எட்டு வரை எண்ணி எழுதி வைத்தவருக்கு என் வணக்கம்.)

1767-ல் புதிய நிதியமைச்சர் சார்ல்ஸ் டவுன்ஷெண்ட் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டார். உள்ளூர் வரி என்றால்தானே இவர்களுக்குக் கோபம், துறைமுகத்தில் வாங்கும் தீர்வை என்றால் பேசமாட்டார்கள் என்று கண்ணாடி, காகிதம், பெயிண்ட், ஈயம், தேயிலை ஆகியவற்றின் மேல் சிறு தீர்வை. தேயிலைக்கு ராத்தலுக்கு (ஏறக்குறைய அரைக் கிலோ) 3 பென்ஸ். வருகிற பணம் எங்கே போகிறது என்பதில்தான் விஷம் இருந்தது. அதுவரை கவர்னருக்கும் நீதிபதிக்கும் சம்பளம் கொடுத்தது உள்ளூர்ச் சட்டசபை. கவர்னர் வம்பு பண்ணினால் சம்பளத்தை நிறுத்தி வைக்கலாம். இனி அந்தச் சம்பளம் இந்தத் தீர்வையிலிருந்து, அரசர் கையால் தரப்படும். ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யாரோ அவனுக்குத்தான் அவன் வணக்கம் போடுவான் என்பது நமக்குத் தெரியாததா. மூன்று பென்ஸை விட்டுத்தள்ளுங்கள், தங்கள் கையில் இருந்த ஒரே லகான் போகிறது என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

இந்தத் தடவை பெண்கள் உள்ளே வந்தார்கள். இங்கிலாந்துத் துணி வேண்டாம், வீட்டிலேயே நூற்போம் என்று ஊர் ஊராக ராட்டைகளோடு கூடினார்கள், தேயிலைக்குப் பதில் காட்டு இலைகளைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். ராட்டை என்றதும் நமக்கு வேறு ஒருவர் நினைவு வரும், அது 150 வருடம் கழித்து. இதில் பார்க்க வேண்டியது, கோபப்பட வக்கீலாகவோ கப்பல்காரனாகவோ இருக்கத் தேவையில்லை என்று ஆனதுதான். தேநீர் குடிக்காமல் இருப்பதே அரசியல். ஒவ்வொரு வீட்டு அடுப்படியும் கட்சி ஆபீஸ்.

1768-ல் பாஸ்டன் பெருவணிகர் ஜான் ஹான்காக்கின் கப்பலைச் சுங்கக்காரர்கள் பிடித்தார்கள், கலவரம், படை வந்து இறங்கியது. ஒரு துறைமுக ஊரில் குறைந்த கூலிக்கு ஓய்வு நேரத்தில் வேலை தேடும் சிப்பாய்களை நிறுத்தினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. 1770 மார்ச் 5 இரவு, பனி உறைந்த தெருவில் சுங்க அலுவலகத்துக்கு முன்னால் கூட்டம் பனிக்கட்டி எறிய, சிப்பாய்கள் சுட, ஐந்து பேர் செத்தார்கள். முதலில் விழுந்தவர்களில் ஒருவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ், கறுப்பின, பூர்வகுடிக் கலப்பு உள்ள மாலுமி. சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். பெரும்பாலோரை விடுவிக்கவும் செய்தார். அதே மார்ச் 5 அன்று, கடலுக்கு அந்தப்புறம் பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் தீர்வைகளை எடுக்கும் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்துகொண்டிருந்தார். கப்பலில் செய்தி போய்ச்சேர வாரக்கணக்காகும் காலம், ஒருவருக்கொருவர் தெரியாது. எல்லாத் தீர்வையையும் எடுத்தார், தேயிலையை மட்டும் வைத்துக்கொண்டார். பணத்துக்காக இல்லை. உரிமை இருக்கிறது என்று காட்ட.

அப்புறம் மூன்று வருடம் பெரிதாக ஒன்றுமில்லை. வியாபாரம் திரும்பியது, டச்சுக் கடத்தல் தேயிலையும் கொஞ்சம் வரி கட்டிய தேயிலையும் ஓடின. பாஸ்டன் அரசியல்வாதி சாமுவேல் ஆடம்ஸ் மாதிரி சிலர் மட்டும் ஊருக்கு ஊர் கடிதம் எழுதும் குழுக்களை 1772-ல் அமைத்துக்கொண்டிருந்தார்கள். விட்டிருந்தால் அப்படியே ஆறிப்போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆறவிடாமல் செய்தது நம் பக்கத்திலிருந்து போன காற்று.

1769-ல் ஹைதர் அலி குதிரைப்படையோடு மதராஸ் கோட்டையை நெருங்கி வந்து நின்று, கிழக்கிந்தியக் கம்பெனியைப் பணியவைத்து உடன்படிக்கை எழுதி வாங்கினார். செய்தி போய்ச்சேர்ந்ததும் லண்டனில் கம்பெனிப் பங்கு விலை சரிந்தது. அடுத்த வருடம் வங்காளத்தில் பஞ்சம். மக்களில் மூன்றில் ஒருவர் செத்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸே பின்னால் எழுதினார், அதே கடிதத்தில், வரி வசூல் மட்டும் பஞ்சத்துக்கு முந்தைய அளவை விடக் கூடியதையும், அது பலவந்தமாகத் தாங்கிப் பிடிக்கப்பட்டதையும் சொன்னார். செத்தவன் பங்கையும் சேர்த்து இருப்பவனிடம் வாங்கினார்கள். அப்படியும் கம்பெனி தேறவில்லை. போர்ச் செலவு, ஊழியர்களின் கொள்ளை, பங்குதாரர்களுக்கு 12.5 சதவீத லாப ஈவு, 1772-ல் லண்டன் வங்கிகளின் நெருக்கடி எல்லாம் சேர்ந்து கம்பெனி அரசிடம் கையேந்தியது. அரசு 14 லட்சம் பவுண்ட் கடன் கொடுத்தது. கம்பெனியின் லண்டன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது. அத்தனையும் சீனத் தேயிலை. அஸ்ஸாமும் நீலகிரியும் அந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

இந்தத் தேயிலையை எங்கே தள்ளுவது? 1773 மே மாதம் நார்த் பிரபு கண்டுபிடித்த வழி உண்மையிலேயே சாமர்த்தியமானது. கம்பெனி நேராக அமெரிக்காவுக்கு அனுப்பட்டும், நடுவில் ஏலம் வேண்டாம், இங்கிலாந்தில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும். கடத்தல் தேயிலைக்கே போட்டி போடும் விலையில் விற்கலாம். கம்பெனிக்கு லாபம், குடிப்பவனுக்கும் லாபம். பாக்கி நின்றது ராத்தலுக்கு அந்த 3 பென்ஸ் மட்டும். அதையும் எடுத்துவிடலாமே என்று சபையிலேயே சொன்னார்கள். நார்த் மறுத்துவிட்டார்.

விலை குறைந்த தேயிலை வருகிறது என்றதும் ஊர் சந்தோஷப்படும் என்று எதிர்பார்த்தார்கள். இது தூண்டில் புழு என்று ஊர் முடிவுகட்டியது. கடத்தல்காரனுக்குப் பிழைப்பு போகிறது, நேர்மையான இறக்குமதியாளனுக்கும் போகிறது, ஏனென்றால் விற்கும் உரிமை கம்பெனி பொறுக்கியெடுத்த சில பேருக்குத்தான். பாஸ்டனில் அந்தச் சில பேரில் இருவர், அப்போது கவர்னராகியிருந்த ஹட்சின்சனின் மகன்கள். பிலடெல்பியா வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய துண்டறிக்கையில் வங்காளம் வருகிறது: ஒரே வருடத்தில் 15 லட்சம் பேரைப் பட்டினியில் சாகவிட்ட கம்பெனி இப்போது நம் பக்கம் கண் வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். கங்கைக் கரையில் செத்தவர்களின் கணக்கு டெலவேர் ஆற்றங்கரையில் சாட்சியாக வந்து நின்றதைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

டார்ட்மவுத் என்ற கப்பல் நவம்பர் 28 அன்று பாஸ்டன் வந்தது. இருபது நாளுக்குள் தீர்வை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் டிசம்பர் 17 அன்று சுங்கம் சரக்கைக் கைப்பற்றும். சரக்கை இறக்க ஊர் விடாது, இறக்காமல் திரும்பக் கவர்னர் விடமாட்டார். டிசம்பர் 16 அன்று சுமார் 5,000 பேர் ஒரு தேவாலயத்தில் கூடியிருக்க, கப்பலின் சொந்தக்காரர் ஃபிரான்சிஸ் ராட்ச், 23 வயதுப் பையன், மில்டனில் இருந்த கவர்னர் வீட்டுக்கு அனுமதிச்சீட்டு கேட்டுப் போனார். இருட்டியபின் வெறுங்கையோடு வந்தார். அன்றிரவு முகத்தில் கரி பூசி, மோஹாக் என்ற அமெரிக்கப் பூர்வகுடியினர் போல வேஷம் கட்டி, கிரிஃபின் துறையில் நின்ற மூன்று கப்பல்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஏறினார்கள். மூன்று மணி நேரம். 340 பெட்டிகளுக்கு மேல், 92,000 ராத்தல், கம்பெனி சொன்ன மதிப்பு 9,659 பவுண்ட். கடல் வற்றிய நேரம் என்பதால் தேயிலை மூழ்காமல் கப்பலை ஒட்டி வைக்கோல் போர் போலக் குவிந்தது, பையன்கள் இறங்கி அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. வேறு பொருள் எதையும் தொடவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கோட்டின் உள்பக்கத்தில் தேயிலையை அமுக்கிக்கொண்ட ஒருவரைப் பிடித்து, துணியை உரித்து, உதைத்து அனுப்பினார்கள். கடைசியில் தளத்தைப் பெருக்கிவிட்டும் போனார்கள்.

அந்தப் பூட்டைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எட்டு வருடம் முன்னால் ஹட்சின்சன் வீட்டில் சுவரையே பெயர்த்த அதே ஊர் இது.

இதற்கு மேல் லண்டன் செய்தது எல்லாம் எதிரிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த வேலை. 1774 ஜூன் 1 முதல் தேயிலைக்கு ஈடு கட்டும்வரை பாஸ்டன் துறைமுகம் மூடல், மாசச்சூசெட்ஸில் ஊர்க்கூட்டத்துக்கே கட்டுப்பாடு. தேயிலையைக் கொட்டியது சரிதானா என்று முகம் சுளித்துக்கொண்டிருந்த மற்ற காலனிகளுக்கு, ஒரு ஊரைப் பட்டினி போடுகிறார்கள் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்தார்கள், தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. செப்டம்பரில் பிலடெல்பியாவில் பன்னிரண்டு காலனிகள் கூடி, பிரிட்டிஷ் சரக்கு வேண்டாம் என்று முடிவெடுத்து, அதைக் கண்காணிக்க ஊருக்கு ஊர் குழு போடச் சொன்னார்கள். புரட்சி நடந்தது இங்கேதான் என்பது என் எண்ணம். துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டனில். ஆனால் அதற்குள் யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பதும், விசாரிப்பதும், ஆயுதம் சேர்ப்பதும் இந்தக் குழுக்கள் கைக்குப் போயிருந்தது. சண்டை தொடங்குவதற்கு முன்பே அரசாங்கம் கைமாறிவிட்டது.

1776 ஜனவரியில் இனி அரசரே வேண்டாம் என்று துண்டுப்பிரசுரம் எழுதி ஊரைக் கிளப்பிய தாமஸ் பெயின், இரண்டு வருடம் முன்புவரை இங்கிலாந்தில் கலால் வரி வசூலிக்கும் அதிகாரி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். ஜூலையில் வந்த சுதந்திரப் பிரகடனத்தில் அரசர் மேல் அடுக்கிய நீண்ட குற்றப்பட்டியலில் வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், நடுவில் ஒரே ஒரு வரியாக ஒதுங்கி நிற்கும். 1778-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இனி காலனிகளின் வருமானத்துக்காக வரி போடமாட்டோம் என்று சட்டமே போட்டது. கேட்டது அத்தனையும் கொடுத்தாயிற்று. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கே உறுத்தும். எங்களை அடிமைகளாக்குகிறார்கள் என்று அத்தனை பேரும் எழுதினார்கள், எழுதியவர்களில் பலர் வீட்டில் நிஜமான அடிமைகள் இருந்தார்கள். தேயிலை கொட்டப்பட்ட அதே 1773-ல் மாசச்சூசெட்ஸின் கறுப்பின அடிமைகள் தங்கள் விடுதலை கேட்டுச் சட்டசபைக்கு மனுப் போட்டார்கள். சபை ஒன்றும் செய்யவில்லை.

இன்னொன்றும் நம்மைத் தொடுவது. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ் ஐந்தே வருடத்தில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்து இறங்கினார், 1792-ல் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கினார், மறுவருடம் வங்காளத்து நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்தார். அங்கே தோற்றவருக்கு இங்கே பதவி உயர்வு.

சாமுவேல் ஆடம்ஸ் கதையை மட்டும் அண்ணாச்சிக்காகவே எடுத்து வைத்திருந்தேன். இந்த மனிதர் பாஸ்டன் ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுத்த வரி வசூலிப்பாளராக இருந்தவர். இல்லாதவர் வீட்டில் வற்புறுத்தமாட்டார், விட்டுவிடுவார். 1765-க்குள் அவர் கணக்கில் நிலுவை 8,000 பவுண்டுக்கு மேல். ஊருக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. சுதந்திரம் வந்தபின், போர்க்கடனை அடைக்க மாசச்சூசெட்ஸ் தன் மக்கள் மேலேயே கடும் வரி போட்டது, அதையும் காகிதப் பணமாக இல்லாமல் தங்க, வெள்ளிக் காசாகவே கட்டச் சொன்னது. போரில் சண்டை போட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் பதில் கடன் சீட்டோடு வீட்டுக்கு வந்த விவசாயிகள், அந்தச் சீட்டை வயிற்றுப்பாட்டுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். இப்போது அந்தச் சீட்டை வாங்கி வைத்திருந்த பணக்காரனுக்கு முழுத்தொகை கொடுக்க அவர்களே வரி கட்ட வேண்டும். 1786-ல் டேனியல் ஷேஸ் முதலானவர்கள் தலைமையில் நீதிமன்றங்களை மறித்தார்கள். அவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்று சொன்னவர்களில் முன்னால் நின்றவர் சாமுவேல் ஆடம்ஸ். அரசனுக்கு எதிரான கலகத்தை மன்னிக்கலாம், குடியரசுக்கு எதிரான கலகத்துக்கு மரணம்தான் என்றார்.

போன வாரம் அண்ணாச்சி வந்தபோது இதைச் சொன்னேன். தண்டத்தை அவர் அன்றே கட்டிவிட்டிருந்தார், காராச்சேவும் வந்திருந்தது. தூக்குக் கதையெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

"அது கெடக்கட்டும் தம்பி. அந்த எட்டாயிரம் என்னாச்சு?"

கொஞ்சத்தை நண்பர்கள் கட்டினார்கள், மீதியை ஊர்க்கூட்டம் தள்ளுபடி செய்துவிட்டது என்றேன்.

அண்ணாச்சி பில் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அந்த ஊர்க்கூட்டத்துல எனக்கும் ஒரு மனு எழுதிப் போடு. ஐநூறு ரூவா."